ஒன்று புள்ளி நான்கு

எட்டாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கும்போதுதான் என் ரத்தப் பரிசோதனை முடிவு போனுக்கு வந்தது. ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலியில் சயின்ஸ் டீச்சர் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். "இன்னா டீச்சர், நல்ல சேதியா?" என்று எட்டிப் பார்த்தார். நாங்கள் குழந்தைக்கு முயல்கிறோம் என்பது அவருக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துக்கே தெரியும். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நல்ல செய்தியெல்லாம் இல்லை. குழந்தை உண்டாவதற்கு முன்னால் எதற்கும் பார்த்துவிடுவோம் என்று லேடி டாக்டர் எழுதிக் கொடுத்த பரிசோதனைகள் அவை. நான்கு பக்கம் வந்திருந்தது. முதல் இரண்டு பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் பக்கத்தில் ஹெர்பஸ் என்று போட்டு, டைப் ஒன்று, டைப் இரண்டு என்று இரண்டு வரி. டைப் ஒன்றில் என் கண் நிற்கவே இல்லை. டைப் இரண்டுக்கு எதிரே ஐஜிஜி ஆன்டிபாடி 1.4 என்றும், அதற்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் பாசிட்டிவ் என்றும் இருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில் விளக்கம்: 0.9க்குக் கீழே என்றால் நெகட்டிவ், 1.1க்கு மேலே என்றால் பாசிட்டிவ், நடுவில் என்றால் சந்தேகம்.

நான் பதினோரு வருஷமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்று புள்ளி ஒன்றைவிட ஒன்று புள்ளி நான்கு பெரியது. இதில் டாக்டரைக் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பாஸ் மார்க் முப்பத்தைந்து, பையன் முப்பத்தாறு எடுத்திருக்கிறான், பாஸ். அவ்வளவுதான்.

டைப் இரண்டு என்றால் என்னவென்று போனில் தேடினேன். பிறப்புறுப்பில் வரும் ஹெர்பஸ், உடலுறவால் பரவுவது என்று வந்தது. கூடவே படங்களும் வந்தன. சயின்ஸ் டீச்சர் மறுபடி எட்டிப் பார்த்துவிடப் போகிறாரே என்று போனைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு படித்தேன். ஆன்டிபாடி என்பது ஒரு கிருமி நுழைந்தால் அதை எதிர்க்க உடம்பே உண்டாக்கிக்கொள்வது. அது இருந்தால் கிருமி எப்போதோ வந்திருக்கிறது என்று அர்த்தம். மிச்சத்தை நானே போட்டுவிட்டேன். இது உடலுறவால் வரும். என் வாழ்க்கையில் ஒரே ஒரு ஆண், அவர் என் கணவர். அந்த ஒரே ஒரு ஆண் இரண்டு வருஷம் துபாயில் ஏசி மெக்கானிக்காகத் தனியாக இருந்துவிட்டு எட்டு மாதம் முன்னால்தான் வந்தார். ஆகவே. ஆகவேக்கு நாங்கள் மூன்று புள்ளி போடுவோம். கையில் சிவப்புப் பேனா இருந்தது. யாரோ ஒரு பையனின் விடைத்தாள் ஓரத்தில் மூன்று புள்ளியை அழுத்திப் போட்டேன். பாவம், அந்தப் பையன் அது எதற்கென்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பான்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. எங்கள் அம்மாவே அடிக்கடி சொல்வாள், உன்னைக் கட்டினவன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் குடித்தனம் நடத்தவேண்டும் என்று. என் கணவர் பஞ்சு வைக்கவில்லை. அவர் சுபாவமே அப்படி, நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். துபாயிலிருந்து வந்தபின் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஐஸ் பிளாண்டில் வேலை. சாயங்காலம் மீன் வாடையோடு வீட்டுக்குள் நுழைந்தவரைச் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"துபாய்ல இன்னா பண்ணீங்க?"

"ஏசி ரிப்பேர்."

"அத கேக்கல. லீவு நாள்ல இன்னா பண்ணீங்க?"

"துணி தொவைப்பேன். தூங்குவேன். உனக்குப் போன் பண்ணுவேன்." அவருக்கு ஒன்றுமே புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "ஏன், இன்னா ஆச்சு?"

போனை மூக்குக்கு நேராக நீட்டினேன். மூன்றாம் பக்கம், தடித்த எழுத்து. அவர் நிதானமாகப் படித்தார். கீழிருந்து மேலாக ஒருமுறை, மேலிருந்து கீழாக ஒருமுறை. மெக்கானிக் புத்தி, எதையும் இரண்டு பக்கமும் பார்ப்பார்.

"இது உன் ரிப்போர்ட்டு இல்ல?" என்றார்.

"என்னுதுதான். எனக்கு யாராண்டேருந்து வந்துச்சு? நீதானே குடுத்திருக்கணும்?"

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவரை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் கோபத்தில் இருக்கும்போது வாபஸ் வாங்க முடியுமா?

"நான் யாராண்டயும் போவல," என்றார். "சத்தியமா இல்ல."

"அப்ப இது இன்னா, வானத்துலேருந்து குதிச்சுச்சா?"

அவர் பதில் சொல்வதற்குள் அடுக்களையிலிருந்து என் மாமியார் வந்துவிட்டார். பெரிய மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருக்கிறவர். அந்த இரைச்சலில் பேசிப் பேசிக் குரல் பெருத்துப் போனவர். ஆனால் காது மட்டும் ஊசி விழுந்தாலும் கேட்கும். "இன்னாடி சத்தம்? யாருக்கு இன்னா ஒடம்பு?" என்று கேட்டார். ஹெர்பஸுக்குத் தமிழில் என்ன என்று மதியம்தான் போனில் பார்த்திருந்தேன். அக்கி என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. ஆத்திரத்தில் அதை எடுத்து வீசினேன்.

"உங்க புள்ளைக்கு அக்கி, அத்தை. துபாய்லேருந்து வாங்கியாந்திருக்காரு."

மாமியார் அசரவில்லை. "அக்கியா? அடச்சே, இதுக்கா இந்தக் கத்து கத்துற? எழுதிட்டா எறங்கிடப்போவுது."

அக்கிக்கு எழுதுவது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்தான். தோலில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பினால் மண்பாண்டம் செய்கிற குடும்பத்தில் யாரையாவது கூப்பிட்டு, காவியைக் குழைத்து அந்த இடத்தில் சிங்கம் எழுதச் சொல்வார்கள். சிங்கத்தைப் பார்த்தால் அக்கி ஓடிவிடும் என்று நம்பிக்கை. என் மாமியாருக்கு மார்க்கெட்டில் பக்கத்துக் கடையே சட்டிப்பானை விற்கிற ஒரு அக்கா கடைதான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அக்கா ஒரு கொட்டாங்கச்சியில் காவியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"எங்க வந்திருக்குது?" என்று கேட்டார்.

நான் கதவோரமாக நின்றேன். நல்லா மாட்டிக்கிட்டியா, இப்போ எங்கே என்று காட்டு பார்க்கலாம் என்றுதான் மனசுக்குள் நினைத்தேன். நினைத்ததை மறைக்க விரும்பவில்லை. என் கணவர் லுங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார். பெற்ற தாய் ஒரு பக்கம், காவிக் கொட்டாங்கச்சியோடு வேற்றுப் பெண் ஒரு பக்கம்.

"சொல்லுடா," என்றார் மாமியார். "இடுப்புக்கு மேலயா, கீழயா?"

"மேல!" என்று அலறினார். "முதுகுல. முதுகுலதாம்மா."

சட்டையைக் கழற்றித் திரும்பி உட்கார்ந்தார். சட்டிக்கார அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பார்த்தார். தடவிப் பார்த்தார். "ஒண்ணும் காணமே. ஒரு வேர்க்குரு கூட இல்ல. யாரு சொன்னது அக்கின்னு?"

"டெஸ்ட்டுல வந்திருக்குது," என்றார் மாமியார்.

"டெஸ்ட்டுல வந்தா டெஸ்ட்டு மேல எழுதவா? தோலுல வந்தாதான் அக்கி. எரியுதா தம்பி?"

"எரியுது அக்கா," என்றார் என் கணவர். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரொம்ப எரியுது," என்றார்.

மாமியார் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "உனக்கும் ஒட்டிக்கிச்சாடி? புருஷன் பொண்டாட்டின்னா ஒட்டுமே. நீயும் வா, உனக்கும் எழுதிடலாம்." நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்: "அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா. எனக்குத்தான். எனக்கு மட்டும்தான்."

பார்த்தீர்களா, ஒப்புக்கொண்டுவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. என் மூளை அப்போது அப்படித்தான் வேலை செய்தது.

சட்டிக்கார அக்கா முனகிக்கொண்டே முதுகு நிறையச் சிங்கம் எழுதினார். எனக்கு அது பூனை மாதிரிதான் தெரிந்தது. வாலை வைத்துத்தான் சிங்கம் என்று கண்டுபிடிக்க முடிந்தது. மூன்று நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது, மீன் தின்னக் கூடாது, எண்ணெய் கூடாது என்று பத்தியம் சொன்னார். துறைமுகத்தில் வேலை செய்கிற மனுஷன் மூன்று நாள் ரசம் சோற்றோடு ஐஸ் பிளாண்டுக்குப் போனார். வேர்வையில் காவி கரைந்து சட்டை முழுக்கச் சிவப்பு. கூட வேலை செய்கிறவர்கள் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார்களாம்.

அதோடு விட்டேனா? இல்லை. நீங்களும் டெஸ்ட் எடுங்கள், வெள்ளைத்தாளில் வரட்டும், அப்புறம் பேசலாம் என்றேன். அவர் ஒரு வார்த்தை மறுக்காமல் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து வந்ததும் ஒரு தடவை, சாப்பிடும்போது ஒரு தடவை கேட்டேன். "யாராண்டயாவது போனீங்களா?" ஒவ்வொரு தடவையும் அவர் ஒரே மாதிரிதான் சொன்னார்: "இல்ல." நான் ஒரு தடவைகூட நம்பவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் வாசலில் நின்றபடியே சொன்னார். "ரிப்போர்ட்டு வந்துடுச்சு. எனக்கும் பாசிட்டிவ்தான்."

உள்ளுக்குள் எங்கேயோ, இல்லை என்று வந்துவிடாதா, நான் சொன்னதெல்லாம் தப்பு என்று ஆகிவிடாதா என்று ஒரு மூலை வேண்டிக்கொண்டிருந்திருக்கிறது. அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. "அப்ப போயிருக்கீங்க," என்றேன்.

"போவல."

"போவாம எப்படி வரும்?"

"தெரியல," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

ரிப்போர்ட்டைக் காட்டு என்று நான் கேட்கவில்லை. ஆள் தானே ஒப்புக்கொண்ட பிறகு பேப்பர் எதற்கு? பெட்டியை இறக்கினேன். ஆறு புடவை, பள்ளிக்கூட நோட்டு, திருத்தாத விடைத்தாள் கட்டு எல்லாவற்றையும் அடுக்கினேன். நாளைக்கு டாக்டரைப் பார்ப்பது, அங்கிருந்து அப்படியே நெல்லித்தோப்பில் அம்மா வீட்டுக்குப் போவது, இனி திரும்புவதில்லை. குழந்தையும் வேண்டாம், குடித்தனமும் வேண்டாம். மாமியார் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, "அக்கிக்குப் பயந்தா பொறந்த வூட்டுக்குப் போறா? நாலு நாள்ல காஞ்சிடும்டி," என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பெட்டியைப் பூட்டினேன்.

மறுநாள் டாக்டரிடம் இரண்டு பேருமாகத்தான் போனோம். அந்த லேடி டாக்டருக்கு எங்கள் அம்மா வயசு இருக்கும். எங்கள் ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தின் மிச்சமாக, அவர் அப்பா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். எதைப் பேச ஆரம்பித்தாலும் 'அலோர்' என்று தொடங்குவார். அது பிரெஞ்சில் 'சரி, அப்புறம்' என்கிற மாதிரி. என் நான்கு பக்கத்தையும் வாங்கி மூன்றாம் பக்கத்தில் நின்றார்.

"அலோர்… நீ சின்ன வயசுல காய்ச்சல் விட்டதும் உதட்டோரத்துல பொரிஞ்சி, தோல் உரியுமா?"

"உரியும். பல்லி எச்சம்னு எங்கம்மா சொல்லும்."

"பல்லி பாவம், சும்மா இருக்குது. அதுதான் டைப் ஒண்ணு. பாரு, இருபத்தாறுன்னு வந்திருக்கு. உன் டைப் ஒண்ணு நெசம்தான். ஊருல எத்தன பேருக்கு இருக்கு தெரியுமா? எனக்கே இருக்கு. அம்மா முத்தம் குடுத்தாக்கூட வரும். இப்ப டைப் ரெண்டப் பாரு. ஒண்ணு புள்ளி நாலு."

"ஒண்ணு புள்ளி ஒண்ணுக்கு மேல, மேடம்," என்றேன். குரல் எனக்கே வாத்தியார் குரலாகக் கேட்டது.

"நீ டீச்சர்தானே? பார்டர்ல ஒரு மார்க்குல ஒருத்தன் பாஸ் பண்ணினா, அந்தப் பேப்பர நீ இன்னொருவாட்டி பாக்க மாட்ட?"

"பாப்பேன்."

"இதையும் அப்படித்தான் பாக்கணும். இந்த டெஸ்ட்டுல மூணுக்குக் கீழ வர்ற பாசிட்டிவ் நெறைய பொய்யா இருக்கும். டைப் ஒண்ணோட ஆன்டிபாடியப் பாத்து மெஷின் கொழம்பி டைப் ரெண்டுன்னு காட்டும். வேற முறையில திரும்பப் பண்ணிப் பாக்காம எதுவும் சொல்லக்கூடாது. நெசமாவே பாசிட்டிவா இருந்தாலும் எப்ப வந்துச்சு, யாராலே வந்துச்சு, ஒடம்புல எங்க இருக்குன்னு இந்த டெஸ்ட்டுக்குத் தெரியாது. அது ஆன்டிபாடியத்தான் பாக்குது, ஆளப் பாக்கல. புண்ணு, கொப்புளம் எதாவது வந்திருக்கா?"

"இல்ல."

"எப்பவாவது?"

"எப்பவுமே இல்ல." ஆனாலும் என்னிடம் ஒரு சீட்டு பாக்கி இருந்தது. "ஆனா மேடம், இவருக்கும் பாசிட்டிவ் வந்திருக்குது. ரெண்டு பேருக்குமா பொய்யா வரும்?"

டாக்டர் கையை நீட்டினார். என் கணவர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று பிடித்துக்கொண்டே இருந்தார். டாக்டர்தான் இழுத்து வாங்கினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியும் இல்ல?"

"தெரியும் மேடம்."

"டைப் ஒண்ணு நெகட்டிவ், டைப் ரெண்டு நெகட்டிவ். ரெண்டுமே கிட்டத்தட்ட சைபர். இதப் பாசிட்டிவ்ன்னு யாரு சொன்னது?"

"நான்தான்."

டாக்டர், "ஏன்?" என்றார்.

அவர் என்னைப் பார்க்காமல், மேஜையில் இருந்த பிளாஸ்டிக் கர்ப்பப்பையைப் பார்த்துச் சொன்னார். "இவளுக்கு மட்டும்தான் இருக்குன்னா, நமக்கு எப்படி வந்துச்சுன்னு தனியா போட்டு ஒழப்பிக்கிட்டே இருப்பா. எங்கம்மா வேற நோண்டி நோண்டிக் கேக்கும். எனக்கும் இருக்குன்னு சொல்லிட்டா, பழிய எம்மேல போட்டுட்டு இவ நிம்மதியா இருப்பான்னு நெனச்சேன் மேடம்."

"இருந்தாங்களா நிம்மதியா?"

"இல்ல மேடம். பொட்டி கட்டிட்டா. வெளிய வண்டிலதான் இருக்குது."

டாக்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் நெகட்டிவ், நான் பாசிட்டிவ். எட்டு மாதம் கூடவே இருக்கிற புருஷனுக்கு இல்லாதது எனக்கு இருக்கிறது. என் மூன்று புள்ளியை அவர் போட்டிருந்தால் அது நேராக என் தலையில் வந்து விழுந்திருக்கும். இரண்டு வருஷம் அவர் அங்கே, நான் இங்கே. அந்தத் தாள் புதன்கிழமையிலிருந்து அவர் பையில் இருந்திருக்கிறது. நான் பெட்டி கட்டும்போதே அதை எடுத்து என் மூஞ்சியில் வீசியிருக்கலாம். வீசவில்லை.

மறுபரிசோதனைக்கு அன்றே ரத்தம் கொடுத்தேன். படிக்கிறவர்கள் தவிக்க வேண்டாம்: வேறு முறையில் செய்து வந்த முடிவு நெகட்டிவ்தான், மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்த்தபோதும் நெகட்டிவ்தான். ஆனால் அன்றைக்கு அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. தெரியாமல்தான் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தோம். அவர் முன்பக்கம் என் பெட்டியைச் சரியாக வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எம்மேல சந்தேகமே வரலையா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு," என்றார்.

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். ஒரு பொய் சொல்லி அதையும் இந்த லட்சணத்தில் சொன்னவர். "எப்ப?"

"ரிப்போர்ட்டு கையில வாங்கினப்ப. லேப்பு வாசல்ல கொஞ்ச நேரம் நின்னேன்."

"அப்ப என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

பெட்டியின் கைப்பிடியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "கேட்டா நீ இல்லன்னு சொல்லுவ. நீ சொன்னா நான் நம்பிடுவேன். அப்புறம் எதுக்குக் கேட்டுக்கினு?"

நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அவர் நெல்லித்தோப்புக்கா வீட்டுக்கா என்று கேட்கவில்லை, வீட்டுப் பக்கம் திருப்பினார். அவரும் என்னிடம் 'இல்ல' என்றுதான் சொன்னார், எத்தனையோ தடவை. சிக்னலில் வண்டி நின்றபோது அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க," என்றேன். பக்கத்தில் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. "இன்னா?" என்று பாதி திரும்பினார். இன்னொரு தடவை சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் பஸ் சத்தத்துக்கு மேலே, துபாயில் என்ன பண்ணினீங்க என்று கேட்ட அதே குரலில் கத்திச் சொன்னேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.